2,000 கலோரி: யாருடைய கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் உடல்நலப் பக்கங்களிலும் இணைப்பிதழ்களிலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி போதும்.' எடை குறைக்கும் குறிப்பாக இருந்தால் அது 1,200 ஆகிவிடும். எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு, எந்த வயதினருக்கு, என்ன வேலை செய்பவருக்கு என்ற விவரம் பக்கத்தில் இருப்பதே இல்லை. இந்த விவரம் இல்லாத எண்ணால் பயனில்லை என்பதோடு, சிலருக்குக் கெடுதலும் உண்டு. அது ஏன் என்பதையும், ஒவ்வொருவரும் தம் கணக்கை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதையும் விளக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

முதலில் 2,000 எங்கிருந்து வந்தது? 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களில் சத்து விவரம் அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சதவீதம் கணக்கிட ஒரு பொது எண் தேவைப்பட்டது. மக்கள் தாங்கள் சாப்பிட்டதாகச் சொன்னதை வைத்து எடுத்த கணக்கெடுப்புகளிலிருந்து 2,350 என்ற எண்ணை முதலில் எடுத்தார்கள். பிறகு, நினைவில் வைக்கச் சுலபம், அதிகம் சாப்பிடத் தூண்டாது என்ற காரணங்களால் அதை 2,000 என்று குறைத்து முழுமையாக்கினார்கள். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டலத்தின் பின்பக்கச் சதவீதங்களுக்கு இதே 2,000-ஐத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆக, இரண்டு பிஸ்கட் பொட்டலங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல் இது. தட்டில் எவ்வளவு சோறு போட வேண்டும் என்று சொல்வதற்காக யாரும் இதை உருவாக்கவில்லை.

அலகைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சில் நாம் 'கலோரி' என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தும் ஆற்றல். வெளிநாட்டுப் பொட்டலங்களில் கிலோஜூல் என்று இருக்கும், அதை 4.184-ஆல் வகுத்தால் கிலோகலோரி வரும். 1,500 கிலோஜூல் என்றிருப்பதை 1,500 கலோரி என்று படித்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. அது 360-க்கும் குறைவு. இந்தக் கடிதத்தில் கலோரி என்று வரும் இடமெல்லாம் கிலோகலோரியே.

இனி உடம்பின் கணக்கு. ஒருவர் காலையில் கண் விழித்து, எதுவும் சாப்பிடாமல், அசையாமல் படுத்திருந்தாலும் ஆற்றல் செலவாகிக்கொண்டேதான் இருக்கும். இதயம் அடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், உடல் சூடு நிற்க வேண்டும். இதை அடிப்படைச் செலவு என்போம். பெரும்பாலானோருக்கு நாள் முழுவதும் ஆகும் செலவில் பாதிக்கு மேல் இதுதான். இதிலும் பெரும்பங்கு தசைக்குப் போவதில்லை. மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் நான்கும் சேர்ந்தால் உடல் எடையில் 5, 6 சதவீதம்தான். ஆனால் அடிப்படைச் செலவில் சுமார் 60 சதவீதம் அவற்றுக்கே. ஒரு கிலோ இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ நாளைக்கு 440 கலோரி, மூளைக்கு 240, கல்லீரலுக்கு 200 என்று கணக்கு. ஓய்வில் இருக்கும் தசைக்கு ஒரு கிலோவுக்கு 13, கொழுப்புக்கு 4.5. 'ஒரு கிலோ தசை ஏற்றினால் உட்கார்ந்த இடத்திலேயே நூறு நூறாகக் கலோரி எரியும்' என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வது எவ்வளவு மிகை என்பது இதிலிருந்து தெரியும். தசை வலுவுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது, ஆனால் அது கூட்டும் செலவு கிலோவுக்கு 13 மட்டுமே.

அடிப்படைச் செலவை அளக்க ஆய்வகங்களில் கருவி உண்டு. வீட்டில் எடையையும் வயதையும் வைத்துக் கணக்கிடலாம். உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட சூத்திரம் இது. 18 முதல் 30 வயது வரை உள்ள ஆண், தன் எடையை 15.1-ஆல் பெருக்கி 692 கூட்ட வேண்டும். 30 முதல் 60 வரை, 11.5-ஆல் பெருக்கி 873. அதற்கு மேல், 11.7-ஆல் பெருக்கி 588. பெண்களுக்கு இதே வரிசையில், 14.8-ஆல் பெருக்கி 487, 8.1-ஆல் பெருக்கி 846, 9.1-ஆல் பெருக்கி 659. வரும் தொகையில் பத்து சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் இணையக் கணிப்பான்கள் விட்டுவிடுகின்றன. இந்தச் சூத்திரம் பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. இந்தியர்களிடம் அளந்து பார்த்தால் உண்மையான செலவு சுமார் பத்து சதவீதம் குறைவாகவே இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைகளும் இந்தக் குறைவை ஏற்றே கணக்கிடப்பட்டவை.

அந்த நிறுவனம் பிறந்தது நம் நீலகிரியில் என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆய்வுதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் இன்றைய பெயரைப் பெற்றது. அரிசி, ராகி, கீரை என்று இந்திய உணவுகளில் எதில் எவ்வளவு சத்து என்ற முதல் விரிவான அட்டவணை 1937-ல் குன்னூரில் வாலஸ் அய்க்ராய்டு தலைமையில் தயாரானது. பின்னாளில் அந்தப் பணியை விரிவாக்கி நடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நம் சமையலறை அளவுகளுக்கு வெளிநாட்டு அட்டவணையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் நமக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

அடிப்படைச் செலவு கிடைத்த பிறகு, உழைப்பைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாகிறது. 24 மணி நேரத்தையும் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் அது அடிப்படைச் செலவைப்போல எத்தனை மடங்கு என்று போட வேண்டும். தூக்கம் 1. உட்கார்ந்து பேசுவது, தொலைக்காட்சி பார்ப்பது 1.4. உட்கார்ந்த வேலை, சாப்பிடுவது 1.5. சமையல் 2.1. குளித்து உடுத்துவது 2.3. பெருக்குவது, துவைப்பது போன்ற வீட்டு வேலை 2.8. சுமையில்லாத சாதாரண நடை 3.2. மண் வெட்டுவது, சுமப்பது போன்ற இயந்திரமில்லாத உடலுழைப்பு சராசரியாக 4.1.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 38 வயது, 48 கிலோ எடை. 48-ஐ 8.1-ஆல் பெருக்கினால் 389, அதோடு 846 சேர்த்தால் 1,235, பத்து சதவீதம் போக 1,111. இருவரின் அடிப்படைச் செலவும் ஒன்றே. ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். தூக்கம் 7 மணி, தையல் 9 மணி, சமையல் 2, வீட்டு வேலை ஒன்றரை, நடை 1, குளியல் 1, சாப்பாடு 1, ஓய்வு ஒன்றரை. ஒவ்வொன்றையும் அதனதன் மடங்கால் பெருக்கிக் கூட்டினால் 38. 24-ஆல் வகுத்தால் 1.58. இதை உழைப்பு மடங்கு என்போம். அதை 1,111-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,750 கலோரி.

இன்னொருவர் கட்டட வேலையில் சித்தாள். தூக்கம் அதே 7, சமையல் 2, வீட்டு வேலை ஒன்றரை, குளியல் 1, சாப்பாடு 1. செங்கலும் கலவைச் சட்டியும் சுமக்கும் நேரம், இடைவேளை போக, 7 மணி. நடை ஒன்றரை மணி, ஓய்வு 3 மணி. கூட்டினால் 56.9, வகுத்தால் 2.37. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,630 கலோரி.

ஒரே வயது, ஒரே எடை, ஒரே அடிப்படைச் செலவு. வித்தியாசம் 880 கலோரி. அரிசிக் கணக்கில் கால் கிலோ சமைக்காத அரிசி. வடித்த சோறாக 650 முதல் 700 கிராம். இப்போது இருவர் கையிலும் '2,000 கலோரி போதும்' என்ற பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். டைலர் தினமும் 250 கூடுதலாகச் சாப்பிடுவார், எடை ஏறும். சித்தாளுக்கு 630 குறையும். 45 வயது, 70 கிலோ எடை, மேசை வேலை செய்யும் ஆணுக்குக் கணக்குப் போட்டால் அடிப்படைச் செலவு 1,510, உழைப்பு மடங்கு 1.4, மொத்தம் 2,110 வருகிறது. 2,000 என்ற எண் ஓரளவாவது பொருந்துவது இவருக்குத்தான். ஊடகங்களில் உணவுக் குறிப்பு எழுதுபவர்களும் பெரும்பாலும் மேசை வேலை செய்பவர்களே என்பதால் இந்த எண் அவர்களுக்குத் தவறாகத் தெரிவதில்லை போலும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் ஒற்றை எண் சொல்லவில்லை. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு லேசான வேலையில் 2,110, நடுத்தர உழைப்பில் 2,710, கடின உழைப்பில் 3,470. 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720. பத்தாண்டுக்கு முந்தைய பரிந்துரையோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படும். லேசான வேலை செய்யும் ஆணுக்கு 2,320 என்றிருந்தது 2,110 ஆகக் குறைந்தது. கடின உழைப்பாளிக்கு 3,490 என்றிருந்தது 3,470 என அநேகமாக அப்படியே நிற்கிறது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவரின் உழைப்பு மடங்கை 1.53-லிருந்து 1.4 ஆகத் திருத்தியதுதான் முக்கிய காரணம். 'இந்தியர்களுக்குக் கலோரித் தேவை குறைந்துவிட்டது' என்று இதைப் படிக்கக் கூடாது. குறைந்தது உட்கார்ந்திருப்பவரின் தேவை மட்டுமே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைட்டமின், இரும்பு போன்றவற்றுக்குச் சொல்லும் பரிந்துரையில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அநேகமாக எல்லோருடைய தேவையும் அதற்குள் அடங்கிவிடும். ஆற்றலுக்கு அப்படிக் கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் மிஞ்சுவது கொழுப்பாகத் தங்கிவிடும். எனவே மேலே சொன்ன எண்கள் எல்லாமே சராசரி. அதே எடை, அதே வேலை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலாகவும், மீதிப் பேருக்குக் குறைவாகவும் தேவைப்படும். கணக்கு போடுவது தொடக்கம்தான், அதைச் சரிபார்க்கும் வழியைக் கீழே சொல்கிறோம்.

அதற்கு முன், ஒற்றை எண்ணால் மிகவும் பாதிக்கப்படுகிறவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளர் இளம்பருவத்தினர் முதலில். 13 முதல் 15 வயதுச் சிறுமிக்கு 2,400, 16 முதல் 18 வரை 2,500 என்பது பரிந்துரை. பையன்களுக்கு 2,860, 3,320. நன்கு வளர்ந்த, ஓடியாடும் பிள்ளைகளை வைத்துப் போட்ட எண்கள் இவை. நாளெல்லாம் நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குக் குறையும்தான். ஆனாலும் பிளஸ் ஒன் படிக்கும் மாணவிக்கு அவள் அம்மாவைவிடக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அந்த வயதில் 1,200 கலோரி உணவுமுறையைக் கடைப்பிடித்தால் பாதிக்குப் பாதி பற்றாக்குறை. உயரம், எலும்பின் அடர்த்தி, மாதவிடாயின் ஒழுங்கு எல்லாம் அதில் அடிபடும். பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் அளவு தொடக்கப் பள்ளியில் 450 கலோரி, நடுநிலைப் பள்ளியில் 700. 10 முதல் 12 வயதுச் சிறுமியின் தேவை 2,060 என்பதால், இந்த 700 மூன்றில் ஒரு பங்குதான். மீதி வீட்டில் வந்தாக வேண்டும்.

அடுத்து கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும். 'இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று சொல்வார்கள். கர்ப்பகாலத்தில் உண்மையில் கூடுதலாக வேண்டியது 350 கலோரி: இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால் என்றால் தீர்ந்தது. பிள்ளை பிறந்த பிறகுதான் தேவை எகிறுகிறது. முதல் ஆறு மாதம் 600, அடுத்த ஆறு மாதம் 520 கூடுதலாக வேண்டும். காரணம் எளிது: நாளொன்றுக்கு முக்கால் லிட்டரை ஒட்டிச் சுரக்கும் பாலிலேயே ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது, அதைச் சுரக்க வைக்க உடம்புக்குத் தனிச் செலவு. நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். கர்ப்பத்தில் ஊட்டி ஊட்டிக் கொடுத்துவிட்டு, பிரசவம் ஆனதும் பத்தியம் என்ற பெயரில் பருப்பு ஆகாது, காய் ஆகாது, தண்ணீர்கூட அளவாகத்தான் என்று குறைத்துவிடுகிறோம். பத்தியத்தில் பூண்டும் சுண்டைக்காயும் இருக்கட்டும், மறுப்பில்லை. சோற்றின் அளவையும் பருப்பையும் எண்ணெயையும் குறைக்காமல் இருந்தால் போதும்.

காய்ச்சல்காரர்களும் இந்த வரிசையில் வருவார்கள். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அடிப்படைச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும். அந்த நேரத்தில் நாம் கொடுப்பது நீர்த்த கஞ்சி. ஒரு டம்ளரில் 20 கிராம் அரிசி இருந்தால் 70 கலோரி. நாள் முழுக்க ஐந்து டம்ளர் குடித்தாலும் 350-தான். கஞ்சியைக் கெட்டியாக வைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் அதே டம்ளரில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும்.

அரசின் கணக்குகளிலும் கலோரிக்கு இடம் இருந்திருக்கிறது. 1979-ல் திட்டக்குழு அமைத்த பணிக்குழு, கிராமத்தில் ஒருவருக்கு 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்து வறுமைக் கோட்டை வகுத்தது. கிராமத்துக்குக் கூடுதலாகச் சொன்னது உடலுழைப்பைக் கணக்கில் எடுத்ததால்தான். 2009-ல் பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கலோரியை அடிப்படையாக வைக்கும் முறையைக் கைவிட்டது. இன்று உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். ஒரு நாளைக்கு 167 கிராம், அதாவது சுமார் 580 கலோரி. மேலே சொன்ன சித்தாளின் தேவையில் ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் கூடுதல். ரேஷன் அரிசியால் பசி தீர்ந்துவிட்டது என்று எழுதும்போது இந்த வகுத்தலையும் ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது.

சாப்பிடுவதை எப்படி அளப்பது? சமைத்த உணவை அளந்தால் தவறு வரும். குழைந்த சோற்றில் தண்ணீர் அதிகம், உதிரியாக வடித்ததில் குறைவு. ஒரே கிண்ணத்தில் இரண்டுக்கும் கலோரி வேறு. எனவே பானையில் போடும் முன் பச்சையாக எடை போட வேண்டும். அரிசி, கோதுமை, ரவை, பருப்பு எல்லாம் கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரை என்று எடுத்துக்கொள்ளலாம். ராகி சற்றுக் குறைவு. சர்க்கரை, வெல்லம் கிராமுக்கு 4. எண்ணெய், நெய் கிராமுக்கு 9. நிலக்கடலை 100 கிராமுக்கு 520 முதல் 570. பசும்பால் 100 மில்லிக்கு 70-ஐ ஒட்டி. முட்டை ஒன்று 70 முதல் 75. கீரை, நீர்க்காய்கள் 100 கிராமுக்கு 20 முதல் 40, கணக்கில் விட்டாலும் பெரிதாகக் குறையாது.

தவறுவது எண்ணெயில்தான். தாளிப்பில் ஊற்றியது, தோசைக்கல்லில் தடவியது, அப்பளம் குடித்தது என்று யாரும் எழுதுவதில்லை. அதற்கு ஒரே வழி மாதக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், எடை 2,730 கிராம், ஆற்றல் 24,500 கலோரி. முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் தலைக்கு நாள்தோறும் 205. இன்னொரு ஒளிந்திருக்கும் இடம் காபி, டீ. 100 மில்லி பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்தால் 110. நாளைக்கு நான்கு தடவை என்றால் 440. மேசை வேலைக்காரரின் தேவையில் இது ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சாப்பாடு என்றே அவர் எண்ணுவதில்லை.

இனிச் சரிபார்க்கும் வழி. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எடைக்கருவியில் தினமும் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு நாள் எடைக்கு அர்த்தமில்லை. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய் எதுவும் ஒரு கிலோவை முன்பின் ஆட்டிவிடும். ஏழு நாள் சராசரியை எடுத்து, நான்கு வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள். மாற்றமில்லை என்றால், நீங்கள் சாப்பிடுவதுதான் உங்கள் தேவை. புத்தகம் என்ன சொன்னாலும் சரி. வாரம் கால் கிலோ இறங்கினால் நாளொன்றுக்கு 275 கலோரி அளவுக்குக் குறைகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி என்ற கணக்கில் வருவது இது.

அந்த 7,700-ஐ வைத்து ஆண்டுக் கணக்கு போடுவதுதான் அடுத்த பிழை. 'தினமும் 500 குறைத்தால் ஓராண்டில் 24 கிலோ இறங்கும்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நடப்பது வேறு. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்குகிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, நாளொன்றுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் ஆண்டில், அநேகமாக முழுவதும் மூன்றாண்டில். 500 குறைப்பவர் ஓராண்டில் 10 கிலோ எதிர்பார்க்கலாம். ஏறுவதற்கும் இதே கணக்குதான்: மேலே சொன்ன டைலர் தினம் 250 கூடச் சாப்பிட்டால் ஓராண்டில் 5 கிலோ. உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் ஒன்றரைக் கிலோ பெரும்பாலும் தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், பழையபடி சோறு சாப்பிட்டதும் திரும்பும்.

கடுமையாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிடமே செய்த சோதனை இருக்கிறது. 1944, 45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி மட்டும் கொடுத்தார். எடையில் கால் பங்கு போனது. அடிப்படைச் செலவு 40 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. நாடித்துடிப்பு மந்தமானது, எப்போதும் குளிர்ந்தது, சோர்வும் எரிச்சலும் ஏறின, நினைப்பெல்லாம் சாப்பாட்டைச் சுற்றியே இருந்தது. 1,570-க்கே இந்த விளைவு என்றால், கட்டட வேலையோ வயல் வேலையோ செய்யும் பெண்ணுக்கு 1,200 என்று அச்சிடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் எடை ஓரளவுக்கு மேல் குறையாமல் இருக்கலாம். அதற்கு அவர் உடம்பு கொடுக்கும் விலை வேறு: வேலையில் வேகம் குறையும், தலைசுற்றும், ரத்தசோகை இருந்தால் இரட்டிப்பாகும், வீட்டுக்கு வந்ததும் எழ முடியாது. அதைச் சோம்பல் என்று வீட்டிலேயே சொல்வார்கள்.

'நாற்பது தாண்டினால் உடம்பு எரிப்பது குறைந்துவிடும்' என்ற நம்பிக்கையும் தவறு. 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை, 6,421 பேரிடம் ஐசோடோப்பு (உடம்பில் தடம் காணக்கூடிய அணு வகை) கலந்த நீரைக் குடிக்கவைத்து அளந்த முடிவுகள் 2021-ல் வெளியாயின. உடல் அளவையும் கொழுப்பையும் கழித்துப் பார்த்தால் 20 முதல் 60 வரை செலவு மாறவில்லை. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் குறைகிறது. நாற்பதில் எடை ஏறுவதற்கு நடமாட்டம் குறைவதையும் தட்டு குறையாததையும் பார்க்க வேண்டும். அறுபதுக்கு மேல் சோறு குறையலாம். பருப்பு, பால், முட்டை, மீன் குறையக் கூடாது, தசை கரையும் வயது அது.

கைக்கடிகாரங்கள் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மேலே சொன்ன 48 கிலோ டைலர் ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தால், உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது 80-ஐ ஒட்டித்தான்; ஒரு காபிக்கும் காணாது. இன்னொரு பிழை, உழைப்பு மடங்கில் நடையைச் சேர்த்துவிட்டு, கடிகாரம் காட்டுவதையும் மறுபடி கூட்டுவது. சாப்பிட்டதைச் செரிக்க ஆகும் சுமார் பத்து சதவீதமும் அந்த மடங்குகளுக்குள்ளேயே அடங்கும், அதையும் தனியாகக் கூட்டக் கூடாது.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டிவிட்டே உணவை மாற்ற வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. உணவுப் பட்டியல் அச்சிடும்போதெல்லாம் அதன் தலைப்பிலேயே வயது, எடை, வேலை மூன்றையும் போடுங்கள். 'இது 38 வயது, 48 கிலோ, தையல் வேலை செய்யும் பெண்ணுக்கு 1,750 கலோரி' என்று ஒரு வரி போதும். அளவுகளைக் கிண்ணத்தில் சொல்லாமல், சமைக்காத அரிசியும் பருப்பும் எண்ணெயும் எத்தனை கிராம் என்று சொல்லுங்கள். 1,500-க்குக் கீழே போகும் எந்தப் பட்டியலிலும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டுபவர்களுக்கும், உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தாது என்று அதே எழுத்தளவில், பட்டியலுக்கு மேலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.